அந்த அட்ரஸ்ல பேஜே இல்லையே சார்?

கேள்வி: எங்க கம்பெனி பில் டேட்டாவ டீலர்களுக்கு எக்ஸ்எம்எல்-ல (டேட்டாவ டேக் போட்டு எழுதுற ஃபைல் முறை) அனுப்புறோம். நேம்ஸ்பேஸுக்கு, அதாவது அந்த டேக் எல்லாம் யாரோடதுன்னு காட்டுற பேருக்கு, ஒரு வெப் அட்ரஸ் வச்சிருக்காங்க, அத பிரவுசர்ல போட்டா ஒண்ணுமே வரல. தப்பா? என்ன பேரு வச்சா பின்னாடி தலைவலி இல்ல?

பதில்: தப்பே இல்லைங்க. அது பாக்க அட்ரஸ் மாதிரி இருக்கும், ஆனா வெறும் பேருதான், 1999 ஜனவரியில வெப்புக்கு விதி வகுக்குற டபிள்யூ3சி இந்த ரூல போட்டப்பவே அப்படித்தான். பார்சர், அதாவது ஃபைல படிக்கிற புரோகிராம், அங்க போய் எட்டிப் பாக்காது, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், அவ்ளோதான். கடைசியில ஒரு ஸ்லாஷ் கூடினாலும் வேற ஆள். ஃபைலுக்குள்ள டேக்குக்கு முன்னாடி சுருக்கமா போடுற பிரிஃபிக்ஸ் வீட்ல கூப்பிடுற செல்லப் பேரு மாதிரி, ஃபைலுக்கு ஃபைல் மாத்திக்கலாம். நேம்ஸ்பேஸ் ரேஷன் கார்டுல இருக்குற பேரு, கை வைக்கக் கூடாது.

நான் பட்டதச் சொல்றேன். நான் முன்னாடி இருந்த ஆபீஸ்ல வெப்சைட்ட எச்டிடிபிஎஸ்-க்கு மாத்துனப்ப ஒரு தம்பி ஆர்வக்கோளாறுல எல்லா ஃபைல்லயும் தேடி எச்டிடிபிக்குப் பின்னாடி ஒரு எஸ் சேத்துட்டான், மறுநாள் காலைல பாத்தா எரர்னு ஒரு வரி கூட இல்ல, ஆனா வந்து சேந்த பில் பூஜ்யம். ஃபைல் சரியாத்தான் இருக்கு, ஆனா புரோகிராம் பழைய பேரத்தான் தேடிட்டு இருக்கு, எரர் எப்படி வரும்? ரெண்டு நாள் போச்சு.

அதனால சொந்த டொமைன் பேர்ல வைங்க, ரினியூ பண்ண மறந்துடாதீங்க, விட்டா நாளைக்கு வேற யாராவது வாங்கி அதே பேர அவங்களும் வைப்பாங்க. கூடவே வருஷத்தையும் போடுங்க. டிபார்ட்மென்ட் பேரு, புராஜெக்ட் பேரெல்லாம் வேணாம், அதெல்லாம் மேனேஜர் மாறினா மாறிடும். வெர்ஷன் நம்பரும் வேணாம்னுதான் சொல்வேன். எக்ஸ்எம்எல்ல வேற வடிவத்துக்கு மாத்துற எக்ஸ்எஸ்எல்டி-ய பாருங்க, 1.0 வந்தது 1999, 2.0 வந்தது 2007, 3.0 வந்தது 2017, நேம்ஸ்பேஸ்ல இன்னிக்கும் அதே 1999 தான், வெர்ஷன தனியா ஒரு ஆட்ரிப்யூட்ல (டேக்குக்குள்ளயே எழுதுற கூடுதல் தகவல்) சொல்லிடறாங்க. நீங்க புதுசா ஒரு ஜிஎஸ்டி ஃபீல்டு சேக்கறதுக்கெல்லாம் பேர மாத்துனா அத்தன டீலரும் உங்களத்தான் திட்டுவாங்க. பழைய ஃபீல்டுக்கு அர்த்தமே மாறுதுன்னா மட்டும் புதுப் பேரு.

கேள்வி: நேம்ஸ்பேஸ தமிழ்லயே வைக்கலாமா?

பதில்: ஆசை எனக்கும் உண்டு. 2004-ல வந்த நேம்ஸ்பேஸ் ரூலோட 1.1 வெர்ஷன் அனுமதிக்குது, ஆனா நிறைய டூல் இன்னும் 1.0 தான். அதுக்கும் மேல ஒரு வில்லங்கம் இருக்கு. 'கொ' எழுத்த எடுத்துக்கோங்க, எழுத்துக்கெல்லாம் நம்பர் கொடுக்குற யூனிகோடுல ககரத்துக்கு அப்புறம் ஒரே குறியாவும் வரலாம், கொம்பு தனி கால் தனின்னு ரெண்டு குறியாவும் வரலாம். கண்ணுக்கு ஒண்ணேதான், பார்சருக்கு ரெண்டும் வேற வேற. ஔவையார 'ஒ'வும் 'ள'வும் போட்டு அடிக்கிறவங்க வேற நம்மள்ல பாதிப் பேரு. எலிமென்ட் பேருல, அதாவது டேக் பேருல, இதே சிக்கல் இருந்தாலும் அங்க தமிழ் வச்சுக்கோங்க, ஸ்கீமா (எந்த டேக் எங்க வரலாம்னு சொல்ற ரூல் ஃபைல்) வச்சு செக் பண்ணா தப்பு உடனே மாட்டிக்கும். நேம்ஸ்பேஸ் மட்டும் இங்கிலீஷ்ல, எல்லாமே சின்ன எழுத்துல இருக்கட்டும்.