மீட்லோஃப் (கைமாவை பிரட் வடிவில் பிடித்து ஓவனில் சுடும் கறி) செய்ய எந்த பிரட் தூள் நல்லது? பாக்கெட்டா, வீட்டில் பொடித்ததா?

வீட்டில் பொடித்ததுதான். ஆனால் எந்த பிரட் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதை நான் கெடுத்துக் கற்றுக்கொண்டேன்.

டெக்ஸாஸில் இருக்கும் தங்கை வாட்ஸாப்பில் அளவு சொல்ல, தர்மபுரியில் எங்கள் வீட்டு ஓடிஜியில் (சின்ன கரண்ட் ஓவன்) முதல்முறை செய்த அன்று பிரட் தூள் இல்லை. டப்பாவில் பேக்கரி ரஸ்க் இருந்தது. அதுவும் காய்ந்த பிரட்தானே என்று நாலைப் பொடித்து மட்டன் கைமாவில் கொட்டிவிட்டேன். ஒரு வாய் சாப்பிட்டதும் அத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, கறியில ஏலக்காய் போட்டியா?" வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை; இரண்டாம் முறை யாரும் கேட்கவும் இல்லை.

கட்லெட்டுக்கு நாம் பிரட் தூளை வெளியே புரட்டுகிறோம், மொறுமொறுப்புக்காக. மீட்லோஃபில் அது உள்ளே போகிறது, வேலையே வேறு. வேகும்போது கறியில் உள்ள புரதம் சுருங்கி, இருக்கிற சாற்றையெல்லாம் பிழிந்து வெளியே தள்ளும். பாலில் ஊறிய பிரட் நடுநடுவே கிடந்தால் புரதம் இறுகிக் கட்டியாகாது. வரும் சாற்றையும் பிரட்டின் மாவுச்சத்து இழுத்து வைத்துக்கொள்ளும். கறி உருண்டைக் குழம்புக்குப் பொட்டுக்கடலையைப் பொடித்துப் போடுகிறோமே, கிட்டத்தட்ட அதே கணக்கு. நம் ஊர் மட்டனில் கொழுப்பு குறைவாக இருந்தால் இது இன்னும் அவசியம்.

அதனால் இனிப்பில்லாத வெள்ளை சாண்ட்விச் பிரட் வாங்குங்கள். மில்க் பிரட், ஸ்வீட் பிரட், பன் எதுவும் வேண்டாம். ஒரு நாள் பழையதாக இருந்தால் நல்லது. ஓரத்தை வெட்டி எறிய வேண்டியதில்லை. பாக்கெட் தூள்தான் கைவசம் இருக்கிறது என்றால் ஆரஞ்சு நிறம் போட்டதையும் உப்பு, பூண்டு கலந்ததையும் தவிர்த்துவிடுங்கள். பான்கோ என்கிற ஜப்பானிய பிரட் தூள் ஊறினால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே போட்டு மறைக்க அந்த விலை எதற்கு?

பொடிப்பதற்கு எங்கள் ஊர் வெயிலே போதும். சித்திரையில் துணி மூடி மாடியில் வைத்தால் ஒரே பகலில் அப்பளம் மாதிரி ஆகிவிடும் (எறும்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்). மழைக்காலத்தில் இந்த வேலை வேண்டாம், பூஞ்சை பிடித்துவிடும். தோசைக்கல்லில் சிறு தீயில் திருப்பித் திருப்பிப் போட்டு எடுங்கள். நன்றாக ஆறியபின்தான் மிக்ஸியில் போட வேண்டும். சூட்டோடு போட்டால் ஆவி இறங்கி, ஜாரின் அடியில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். ஜாரும் ஈரமில்லாமல் இருக்கட்டும். திருகியை இடது பக்கம் விட்டு விட்டுத் திருப்பினால் ரவை பதத்தில் நிற்கும். ஓடவிட்டால் மைதா மாதிரி ஆகி, கறி கொழகொழவென்று வரும்.

அரை கிலோ கைமாவுக்கு அரை கப் காய்ந்த தூள், அரை கப்புக்குக் கொஞ்சம் குறைவாகப் பால், ஒரு முட்டை. தூளை முதலில் பாலில் போட்டு பத்து நிமிடம் விடுங்கள். நிறைய பேர் தவறுவது இங்கேதான். காய்ந்த தூளை நேராகக் கறியில் போட்டால் அது கறியின் சாற்றையே குடித்துவிடும். காய வைக்க நேரமில்லையா? மூன்று ஸ்லைஸ் பிரட்டைப் பிய்த்துப் போட்டு, கால் கப் பால் ஊற்றிப் பிசைந்தால் போதும். உண்மையில் நான் இப்போது பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறேன்.

அப்புறம், கைமாவைச் சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசையாதீர்கள், ரப்பராகிவிடும். விரல் நுனியால் கலந்தது போதும். பச்சைக் கறியில் உப்பு பார்க்க முடியாது என்பதால், ஒரு சின்ன வடை தட்டித் தோசைக்கல்லில் சுட்டுத் தின்று பாருங்கள். 180 டிகிரியில் முக்கால் மணி நேரம் பிடிக்கும். மட்டன் என்றால் நடுவில் 71 டிகிரி, சிக்கன் என்றால் 74 வந்திருக்க வேண்டும். எடுத்ததும் வெட்டாமல் பத்து நிமிடம் விடுங்கள்.

பிரட்டுக்குப் பதில் ராகி மாவு போடலாமா என்று அத்தை ஒருமுறை கேட்டார். சரி என்று போட்டுப் பார்த்தேன். கறுத்துப்போய், கனமாக, களியில் கறியைப் போட்டுக் கிண்டிய மாதிரி வந்தது. அன்றைக்கு அத்தை மட்டும் இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டார்.