விளக்கைச் சிமிட்டலாமா?

கேள்வி: சாலையோரத்தில் போலீஸார் வேகத்தை அளக்கும் கருவியுடன் நிற்பதைக் கண்டால், எதிரே வருபவர்களுக்கு முகப்பு விளக்கைச் சிமிட்டி எச்சரிப்பது சரியா?

பதில்: கூடாது என்பதே என் கருத்து. இப்பழக்கம் மிகப் பழையது. இங்கிலாந்தில் 1905ஆம் ஆண்டு தொடங்கிய வாகன ஓட்டிகள் சங்கம், இத்தகைய சோதனைகளைப் பற்றி உறுப்பினர்களை எச்சரிப்பதற்காகவே உருவானது. எச்சரித்தால் வேகம் குறைகிறதே, அது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். குறைகிறது, ஆனால் அந்த வளைவைத் தாண்டியதும் கால் மீண்டும் ஆக்ஸிலேட்டரை அழுத்துகிறது. எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாதபோதுதான் வழிநெடுக நிதானம் இருக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் ஓடிவிடுகிறது. குறுக்கே வரும் குழந்தையைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அத்தூரம் கழிந்துவிடும் என்பதையும், வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்பதற்கான தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். தவிர, உங்கள் சமிக்ஞை யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பது உங்களுக்கே தெரியாது. குடித்துவிட்டு ஓட்டி வருபவரும் அதைப் பார்த்து வேறு வழியில் திரும்பிவிடலாம். சாலையில் மரம் விழுந்து கிடந்தாலோ, விபத்து நடந்திருந்தாலோ, அப்போது தயங்காமல் விளக்கைச் சிமிட்டுங்கள்.