மீட்டர் சரின்னு சொல்லுது, ஆனா கிட்டார் மூக்கால பாடுது

கேள்வி: என் கிட்டார்ல புதுசா ரெண்டு ஹம்பக்கர் (ஸ்ட்ரிங் அதிர்வ சிக்னலா மாத்துற, ரெண்டு காயில் உள்ள பிக்கப்) மாட்டினேன், நெக் பக்கம் சீமோர் டங்கன் கம்பெனியோடது, பிரிட்ஜ் பக்கம் டிமார்ஸியோ கம்பெனியோடது. டங்கனோட ஒயரிங் டயகிராம வச்சே ரெண்டையும் பத்தவச்சேன். நெக் அருமையா இருக்கு, பிரிட்ஜ் மட்டும் தனியா போட்டா ஒல்லியா மூக்கடைச்ச மாதிரி சத்தம், கூடவே ங்ங்ங்னு இரைச்சல். பிக்கப்பே அவுட்டா?

பிக்கப் அவுட்டா இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மிங்க. மொதல்ல அந்த சால்டரிங் அயர்ன கீழ வைங்க, எதையும் உருக்க வேணாம், மல்டிமீட்டர எடுங்க. ஜாக்ல ஒரு கேபிள் சொருகி, அதோட இன்னொரு முனையில நுனிக்கும் உடம்புக்கும் நடுவுல மீட்டர வைங்க, வால்யூம் முழுசா 10ல, சுவிட்ச் பிரிட்ஜ்ல. (வால்யூம் 0ல இருந்தா மீட்டரும் 0 தான் காட்டும், அத பார்த்து ஷார்ட்டுன்னு பயந்துடாதீங்க.) பிக்கப்போட வந்த பேப்பர்ல போட்டிருக்கிற கிலோ ஓம் அளவுக்கு பக்கத்துல வந்தா காயில் ரெண்டும் உசுரோட இருக்கு. ஒரு 8 கிலோ ஓம் பிக்கப் 500கே பாட் (வால்யூம் திருகுக்கு அடியில இருக்கிற பாகம்) வழியா 7.9 கிட்ட காட்டும், அது நார்மல். பாதிதான் காட்டுதுன்னா, ரெண்டு காயிலையும் சேர்க்கிற அந்த முடிச்சு டேப் சுத்தாம எங்கயோ பாட் முதுகுல உரசிட்டு இருக்கு, ஒரு காயில் வேலை செய்யல. ஒண்ணுமே காட்டலன்னாலோ, இல்ல பாட்டோட 500கே கிட்ட காட்டினாலோ எங்கயோ ஒயர் விட்டுப்போச்சு.

ஆனா உங்களுக்கு முழு அளவும் காட்டும்னு நெனைக்கிறேன், வில்லங்கமே அங்கதான். டங்கன்ல கருப்பு ஹாட் (சிக்னல் வெளிய போற ஒயர்), சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முடிச்சு, பச்சையும் வெறும் ஒயரும் கிரவுண்ட். டிமார்ஸியோல சிவப்புதான் ஹாட், கருப்பும் வெள்ளையும்தான் முடிச்சு, பச்சை மட்டும் ரெண்டுலயும் ஒரே இடம், அதனால பாதி டயகிராம் பொருந்துற மாதிரியே தெரியும். நீங்க கருப்ப ஹாட்ல வச்சு சிவப்ப வெள்ளையோட முடிஞ்சதால ஒரு காயில் மட்டும் தலைகீழா ஓடுது. ஓம் கணக்கு அப்படியேதான் இருக்கும், மீட்டருக்கு திசை தெரியாது. ஹம்பக்கர்ல காந்தத்தோட துருவமும் ஒயர் சுத்தின திசையும் ரெண்டு காயிலுக்கும் எதிரெதிரா இருக்கிறதாலதான் வெளி இரைச்சல் ஒண்ணையொண்ணு அழிச்சு ஸ்ட்ரிங் சத்தம் மட்டும் கூடும். இப்ப அது அப்படியே மாறி, ஸ்ட்ரிங் சத்தம் அழியுது இரைச்சல் கூடுது. (ரெண்டு பிக்கப்புக்கு நடுவுல இத வேணும்னே பண்றவங்க உண்டு, ஒரே பிக்கப்புக்குள்ள யாரும் கேட்டு நான் பார்த்ததில்ல.)

ஆக கருப்பையும் சிவப்பையும் இடம் மாத்துங்க, அவ்ளோதான் வேலை.

கலர் கோடே தெரியாத பிக்கப்னா, எந்த ரெண்டு ஒயருக்கு நடுவுல மீட்டர் நம்பர் காட்டுதோ அது ஒரு காயில். மீட்டர 20கே ஓம்ல வச்சு அந்த காயிலோட போல் (ஸ்ட்ரிங்குக்கு கீழ தெரியற இரும்புத் துண்டு) மேல மட்டும் ஸ்க்ரூடிரைவர டப்புன்னு வைங்க, நம்பர் ஒரு நொடி ஏறுதா இறங்குதான்னு பாருங்க. ஏறினா சிவப்பு புரோப் தொடற ஒயர் பிளஸ்னு மார்க் பண்ணுங்க, இறங்கினா மத்தது பிளஸ். அடுத்த காயிலுக்கும் இதே மாதிரி. மொத காயிலோட பிளஸ் ஹாட்டுக்கு, அதோட மைனஸும் ரெண்டாவதோட பிளஸும் முடிச்சு, மிச்சம் கிரவுண்டுக்கு.

இதுக்கப்புறமும் சுவிட்ச் நடுவுல மட்டும் ஒல்லியா கேட்டா ஏதாவது ஒரு பிக்கப்போட ஹாட்டையும் கிரவுண்டையும் மாத்திக்கலாம், ஆனா அந்த வெறும் ஒயர பச்சையில இருந்து பிரிச்சு கிரவுண்டுலயே விடுங்க, அது ஹாட்டுக்கு போச்சுன்னா மெட்டல் கவர தொட்டாலே கத்தும்.

ஸ்ட்ரிங்க தொட்டா இரைச்சல் குறையுதுன்னா பிரிட்ஜ் கிரவுண்ட் ஒயர் சரியா இருக்கு, தொட்டா கூடுதுன்னா ஜாக்ல ரெண்டு ஒயரும் இடம் மாறியிருக்கும்.

இன்னொண்ணு, கிட்டாரோட மூடிய திறந்து வச்சா நல்லா பாடி மூடினா செத்துப்போற கேஸ். நானே ஒரு ராத்திரி முழுக்க பாட், சுவிட்ச்னு ஒவ்வொண்ணா மாத்தி வெறுத்துப்போனேன், கடைசில பார்த்தா ஜாக்கோட நுனிய தொடற அந்த தகடு, கேபிள் சொருகும்போது வளைஞ்சு பக்கத்து சுவத்துல இரைச்சல தடுக்க ஒட்டின, கிரவுண்டோட சேர்ந்த காப்பர் டேப்புல இடிக்குது. அந்த இடத்துல ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன், சத்தம் வந்துருச்சு.