மசோதா பேரவைக்குப் போகும் முன்பே நீங்கள் போய்விடுங்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் பாம்பன் பக்கம் நாட்டுப்படகில் தொழில் பார்க்கிறவர்கள். கடல் மீன்பிடிச் சட்டத்தில் ஏதோ திருத்தம் வரப்போகிறது என்று கரையில் பேச்சு அடிபடுகிறது. சட்டம் வந்த பிறகு மறியல் செய்வதுதான் எங்களுக்குத் தெரிந்த வழி. அது எழுதப்படும்போதே எங்கள் பேச்சை உள்ளே கொண்டுபோக முடியாதா? எங்கள் வீட்டுப் பெண்கள் கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கப் போகிறவர்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

பதில்: முடியும். ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் கிளம்பினால் அலைச்சல்தான் மிஞ்சும். இந்தக் கரையில் நான் பார்த்த மனுக்களில் பாதி, தவறான வாசலில் நின்று வாடிப்போனவை.

எனவே முதலில், வரப்போவது யாருடைய சட்டம் என்று பாருங்கள். மீன்வளம் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள கடலில் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்துவது சென்னையின் பொறுப்பு. அதற்கு அப்பால் டெல்லியின் பொறுப்பு. நீங்கள் குறிப்பிடும் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983ஆம் ஆண்டுச் சட்டம், பேரவையில் திருத்தக்கூடியது. ஆனால் கடல் அட்டை என்ற கடலுயிரியைப் பிடிப்பதற்கு உள்ள தடை அப்படியல்ல. அது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, நாடாளுமன்றம் இயற்றியது. அதை நீக்கச் சொல்லி உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் எத்தனை மனு கொடுத்தாலும் பேரவையால் தானாக எதுவும் செய்துவிட முடியாது. பாசி எடுக்கும் பெண்களின் சிக்கலிலும் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே அவர்கள் எதிர்கொள்வது வனத்துறையை, மீன்வளத்துறையை அல்ல.

அடுத்து, வருவது மசோதாவா, விதியா, அரசாணையா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தேதிகளைப் பேரவை ஓட்டெடுப்பு நடத்தி முடிவு செய்வதில்லை. அரசு ஆணையாகவே வருகிறது. வலைக்கண் அளவு, உரிமம், அபராதம் போன்றவற்றின் நுணுக்கமெல்லாம் பெரும்பாலும் சட்டத்தின் கீழ் அரசே எழுதும் விதிகளில்தான் இருக்கும். சட்டம் ஒரு பக்கத்தில் முடிந்து, உங்கள் பிழைப்பைத் தீர்மானிக்கும் வரி விதியின் நாற்பதாவது பக்கத்தில் கிடக்கும். மசோதா நிறைவேறியதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று வீட்டுக்குப் போனவர்கள் ஏமாந்தது இதனால்தான்.

வருவது உண்மையிலேயே மசோதா என்றால் அது நடந்துவரும் பாதையைச் சொல்கிறேன். மீன்வளத்துறைச் செயலகம் வரைவைத் தயாரிக்கும், சட்டத்துறை சொற்களைச் சரிபார்க்கும், அமைச்சரவை ஒப்புதல் தரும். அதன் பிறகுதான் பேரவையில் சட்டமுன்வடிவாக அறிமுகமாகும். தமிழ்நாட்டில் 1986இல் மேலவை கலைக்கப்பட்டுவிட்டது. ஆகவே ஓர் அவை, 234 உறுப்பினர்கள், அவ்வளவுதான். இன்னொரு அவை பார்த்துத் திருத்தும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. மசோதாவை ஆராய உறுப்பினர்கள் சிலரைக் கொண்டு அமைக்கும் தெரிவுக் குழுவுக்கு அனுப்பும் வழி உண்டு, ஆனால் அது அரிது. கூட்டத்தொடரின் கடைசி நாளில் ஒன்றன்பின் ஒன்றாக மசோதாக்கள் நிறைவேறுவதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அந்த வேகத்தில் யாரும் உங்கள் மனுவைப் பிரித்துப் படிக்க மாட்டார்கள். உங்கள் சொல்லுக்கு மதிப்புள்ள காலம், வரைவு துறையின் மேசையில் இருக்கும் காலம்தான்.

அப்படியொரு வரைவு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கையை வகுக்கும்போது அதற்கான விவரங்களை அரசே வெளியிட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 4(1)(சி) பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவை மனுவில் எழுதுங்கள். அமைச்சரவைக் கோப்பு என்று காட்டி மறுக்கவும் கூடும். ஆனாலும் மறுப்பிலிருந்தே ஏதோ நடக்கிறது என்று புரிந்துவிடும். மசோதாவை முப்பது நாள் மக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்ற 2014ஆம் ஆண்டு முடிவு ஒன்றிய அமைச்சகங்களுக்கானது, மாநில அரசைக் கட்டுப்படுத்தாது. அதை மேற்கோள் காட்டி வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி மனு. இதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். "எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்படுகிறது, ஆவன செய்ய வேண்டும்" என்று எழுதினால் கோப்பில் ஒரு எண் விழும், அவ்வளவே. எந்தச் சொல் மாற வேண்டும், அதற்குப் பதில் எந்தச் சொல் வர வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு சட்டத்தின் வரையறைப் பிரிவில் மீனவர் என்றால் "படகு உரிமையாளர் அல்லது படகில் பணிபுரிபவர்" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலடியில் தகடு கட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண் அந்த ஒரே வரியில் மீனவர் கணக்கிலிருந்து வெளியே விழுந்துவிடுகிறார். "படகின்றிக் கடல்வளம் சேகரிப்பவரும்" என்று மூன்று சொல் சேர்த்தால் உள்ளே வந்துவிடுவார். அந்த மூன்று சொல்லைக் கேளுங்கள். அதற்கு மேல் ஒரு பத்திக் காரணம் போதும்.

சட்டம் கடல் மைலில் பேசும், நீங்கள் தண்ணீரின் ஆழத்தை அளக்கும் பாகத்தில் பேசுகிறீர்கள். பாக் நீரிணை ஆழமில்லாத கடல். இத்தனை மைல் என்று கோடு போட்டால் அங்கே எத்தனை பாகம் தண்ணீர், எந்த மாதம் எந்த மீன், விசைப்படகு இழுத்துப்போனால் எந்த வலை அறுபடும் என்பது உங்களுக்குத் தெரியும், செயலகத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அதைக் கையால் வரைந்த ஒரு படமாக இணையுங்கள். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று இந்தக் கரையே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாட்டையும் எழுதுங்கள். எழுபதுகளில் இழுவைப் படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நடந்த மோதல்களின் விளைவாகத்தான் கேரளம் 1980இலும் தமிழ்நாடு 1983இலும் சட்டம் கொண்டுவந்தன. உங்கள் தகப்பன்மார் அடிபட்ட அனுபவத்தில் பிறந்த சட்டம் அது. கேட்கும் உரிமை உங்களுக்கு முழுவதும் இருக்கிறது.

மனுவுக்குக் கனம் சேர்க்கக் கிராம சபைத் தீர்மானத்தை இணையுங்கள். பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சிகள். அங்கே ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. ராமேஸ்வரம் நகராட்சி என்பதால் அங்கே கிராம சபை கிடையாது.

கொடுப்பது யாரிடம்? மூலப்படி மீன்வளத்துறைச் செயலருக்கு, நகல் உதவி இயக்குநருக்கும் ஆட்சியருக்கும். பிறகு சட்டமன்ற உறுப்பினர்கள், பன்மையில் சொல்கிறேன். நம் மாவட்டத்துக் கடற்கரை ராமநாதபுரம், திருவாடானை, முதுகுளத்தூர் என மூன்று தொகுதிகளில் கிடக்கிறது. மூவரையும் பாருங்கள், தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கத்து மீனவர் சங்கங்களிடம் சொல்லி அவர்கள் ஊர் உறுப்பினர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆளுங்கட்சி உறுப்பினரிடம் "எதிர்த்து ஓட்டுப் போடுங்கள்" என்று கேட்காதீர்கள். கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். மசோதா அச்சாகும் முன் அமைச்சரிடம் பேசச் சொல்லுங்கள், அது அவரால் முடிந்த காரியம். பேரவையில் திருத்தம் கொண்டுவரும்படி எதிர்க்கட்சி அல்லது தோழமைக் கட்சி உறுப்பினரிடம் கேளுங்கள். மீன்வளத்துறைக்கான நிதியை அவை அனுமதிக்கும் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு இரண்டு வாரம் முன்பே சென்றால் இன்னும் நல்லது. அன்று அமைச்சர் அவையில் ஒரு வாக்குறுதி தந்துவிட்டால் அதைத் தொடர்ந்து கேட்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. பேரவையின் மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போதும் கொடுக்கலாம்; ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை, அதுவும் பொதுப் பிரச்சினை. பட்டா, கடன், வழக்கில் உள்ள விஷயம் எதையும் அதில் கலக்காதீர்கள்.

நிறைவேறிய பிறகும் கதவு முழுவதும் மூடிவிடுவதில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம்தரும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா பேரவையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன. மே 1 அன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பத்தே நாள். எந்தப் பிரிவு, அது யாரைப் பாதிக்கும் என்று தொழிற்சங்கங்கள் துல்லியமாகச் சொன்னதும் அங்கே வேலை செய்தது என்று நினைக்கிறேன். மறியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மறியலுக்குப் போகும்போதும் மாற்ற வேண்டிய வரி கையில் இருக்கட்டும்.

பாசி எடுக்கும் பெண்களின் மனுவை உங்கள் மனுவோடு சேர்க்காதீர்கள். அவர்களே தனியாக எழுதி, அவர்களே கையெழுத்திட்டு, ஒரு நகலை வனத்துறைக்கும் இன்னொன்றை மக்களவை உறுப்பினருக்கும் கொடுக்கட்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ரேகை வைக்கலாம். பக்கத்தில் பெயரும் ஊரும் தெளிவாக இருக்க வேண்டும். கொடுத்த இடத்திலெல்லாம் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.