மகளின் கையில் நீல வீக்கம்: ரத்தத்தில் தெரியாத காரணம்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே இடது முன்கையில் நீல நிறத்தில் மெத்தென்ற வீக்கம் இருக்கிறது. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து, சிரைக் குறைபாடு, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய்களின் பிறவிக் கோளாறு என்றார்கள். மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. இப்போது அறுவை சிகிச்சையில் எடுக்கும் சதையை ஆராய்ச்சிக்குத் தரலாமா என்று கேட்கிறார்கள். ரத்தத்திலேயே இல்லாதது சதையில் எப்படி இருக்கும்? கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று நான் வெளியே போனதை மாமியார் இன்னமும் சொல்லிக்காட்டுகிறார். அடுத்த குழந்தைக்கும் வருமா? (சிங்கப்பூர் உட்லண்ட்சிலிருந்து ஒரு தாய்)

பதில்: முதலில் கிரகணம். அதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நீங்கள் சாப்பிட்டதோ, வேலைக்குப் போனதோ காரணமில்லை. மாமியாருக்கும் இதைப் படித்துக்காட்டுங்கள்.

நம் மேம்பாலங்களில் காகிதப்பூச் செடியைப் பார்த்திருப்பீர்கள். சில சமயம் ஒரே ஒரு கிளையில் மட்டும் வேறு நிறத்தில் பூக்கும். விதையில் மாற்றம் இல்லை. அந்தக் கிளை முளைத்த செல்லில் வந்த மாற்றம். உங்கள் மகளுக்கும் பெரும்பாலும் அப்படித்தான். கரு வளரும்போது, ரத்தக்குழாயின் உட்சுவராக மாறவிருந்த ஒரு செல்லில் தற்செயலாக ஒரு மரபணு மாறியிருக்கும். அந்தச் செல்லின் வாரிசுகள் இருக்கும் இடத்தில் மட்டும் சிரைகள் தளர்ந்து விரிகின்றன. ரத்த அணுக்கள் வேறு வழியில் வந்தவை. அதனால் ரத்தத்தில் தேடினால் கிடைக்காது.

இது இன்று நன்றாகவே நிறுவப்பட்ட விஷயம். டிஇகே என்ற மரபணுவின் இத்தகைய மாற்றம் சிரைக் குறைபாட்டுத் திசுவில் இருப்பதை 2009இல் கண்டார்கள். குடும்பத்தில் எவருக்கும் இல்லாமல் தனியாக வரும் சிரைக் குறைபாடுகளில் ஏறக்குறைய பாதிக்கு இதுவே காரணம். மீதியில் ஒரு பங்குக்கு பிஐகே3சிஏ மரபணு காரணம் என்பது 2015இல் தெரிந்தது. முகத்தில் வரும் சிவந்த மச்சத்துக்கு ஜிஎன்ஏக்யூ, மூளையில் தமனியும் சிரையும் பின்னிக்கொள்ளும் சிக்கலுக்கு கேராஸ் என்று வகைக்கு ஒன்றாகக் கண்டுபிடித்து வருகிறார்கள்.

ஆக, சதையைக் கொடுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் அறுவை சிகிச்சைக்கு முன்பே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். ஒன்று, திசுவின் ஒரு துண்டை உறைநிலையில் தனியாக வைப்பார்களா? திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் ஊறியதிலும் தேடலாம், ஆனால் டிஎன்ஏ சிதைந்திருக்கும். இரண்டு, டிஎன்ஏவை எவ்வளவு ஆழமாக, அதாவது ஒவ்வொரு இடத்தையும் எத்தனை முறை வாசிப்பார்கள்? திசுவில் அந்த மரபணுவின் மாறிய பிரதி பல சமயம் நூற்றில் ஐந்துக்கும் குறைவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு இடத்தையும் முப்பது நாற்பது முறை வாசிக்கும் சாதாரணப் பரிசோதனையில் அது தப்பிவிடும்; பல நூறு, முடிந்தால் ஆயிரம் முறை வாசிக்க வேண்டும். 'இல்லை' என்று வரும் அறிக்கையை நம்பலாமா என்பதே இதைப் பொறுத்தது.

காரணம் தெரிந்தால் பயன் என்ன? சிகிச்சைக்கு வழி திறக்கும். டிஇகே, பிஐகே3சிஏ ஆகிய இரு மரபணுக்களின் மாற்றங்களும் செல்களை வளரச் சொல்லும் ஒரே சமிக்ஞைப் பாதையைத்தான் தூண்டுகின்றன. அதை அடக்கும் சிரோலிமஸ் மாத்திரை வலியையும் ரத்தக் கசிவையும் பலருக்குக் குறைத்திருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு வந்த அல்பெலிசிப் மருந்தை, பிஐகே3சிஏ மாற்றத்தால் உடல் பகுதிகள் அளவுமீறி வளரும் கடுமையான நோய்களுக்கு, இரண்டு வயது முதல் தரலாம் என்று 2022இல் அமெரிக்கா அனுமதித்தது. இரண்டுக்கும் பக்கவிளைவுகள் உண்டு. சிறிய வீக்கத்துக்கு அவை தேவைப்படாமலே போகலாம்.

அடுத்த குழந்தை? மாற்றம் சதையில் மட்டும் இருந்தால், மற்ற எந்தக் குடும்பத்துக்கும் இருக்கும் அதே சிறிய வாய்ப்புதான். ஆனால் வீட்டில் வேறு யாருக்காவது தோலிலோ வாயிலோ சின்னச் சின்ன நீலப் புடைப்புகள் பல இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது பரம்பரை வகையாக இருக்கலாம். மரபணு ஆலோசகரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்புறம் ஒப்புதல் படிவம். இங்கே சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டப்படி நீங்கள் பின்னர் விலகலாம், ஆனால் ஏற்கெனவே ஆராய்ச்சியில் பயன்படுத்திய திசுவைத் திரும்பப் பெற முடியாமல் போகலாம். தேடாத வேறு ஏதாவது தெரியவந்தால் சொல்லவேண்டுமா என்றும் கேட்பார்கள். வீட்டில் பேசி முடிவெடுங்கள், மகளிடமும் விளக்குங்கள். காப்புறுதி பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் 2021இல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, ஆராய்ச்சியில் கிடைத்த மரபணு முடிவை நிறுவனங்கள் கேட்கக் கூடாது. ஆனால் கையில் இருக்கும் வீக்கம் ஏற்கெனவே கண்டறியப்பட்ட நோய். விண்ணப்பத்தில் அதை எழுதத்தான் வேண்டும்.