அண்ணன் வீட்டு மேசையில் இருப்பது என்ன? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, என் அண்ணன் கோலாலம்பூரிலிருந்து ஒரு கறுப்புக் கல் மேசை வாங்கி வந்திருக்கிறார். அதில் ஒரு முனை கூராக, நீள நீளமாக வெள்ளை உருவங்கள். அண்ணி மீன் எலும்பு என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ சாயம் பூசியது என்கிறார். எது சரி?
– வாசகி, பீடோங்

பதில்: மீனும் இல்லை, சாயமும் இல்லை அம்மா. நானும் பீடோங்காரன்தான் என்பதால் பூதக்கண்ணாடியோடு போய்ப் பார்த்துவிட்டே எழுதுகிறேன். அண்ணி கொடுத்த தேநீருக்கு நன்றி.

அது கல்லாகிப்போன புதைபடிவம், நாம் சந்தையில் வாங்கும் சோத்தோங்கின் (கணவாயின்) தூரத்து உறவு. தலைக்காலிகள் என்ற இனம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அவற்றில் பலவற்றுக்கு நேரான கூம்பு ஓடு இருந்தது. கடைகளில் 'ஆர்த்தோசெராஸ்' என்று சொல்லி விற்பார்கள். அசல் ஆர்த்தோசெராஸ் சுவீடன், எஸ்டோனியா பக்கத்துக் கல்லில் கிடைப்பது. கறுப்புக் கல் மேசைகள் பெரும்பாலும் மொராக்கோவின் எர்ஃபூத் ஊர்ப் பக்கமிருந்து வருகின்றன. அதிலிருப்பவை அதன் சொந்தங்கள், வயது சுமார் 40 கோடி ஆண்டு.

ஜன்னல் பக்கமாக விரல் நீளத்தில் ஓர் ஓடு இருக்கிறதே, அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். மூங்கில் கணுக்கள் மாதிரி குறுக்கே வளைந்த கோடுகள் தெரியும். அவை அறைத் தடுப்புகள். பிராணி வளர வளர ஓட்டில் முன்னால் நகர்ந்து, தனக்குப் பின்னால் ஒரு தடுப்பு கட்டிக்கொள்ளும். உடம்பு இருப்பது வாய்ப்பக்கத்து அறையில் மட்டும். எல்லாத் தடுப்பையும் துளைத்துக்கொண்டு ஒரு மெல்லிய குழல் போகிறது பாருங்கள், அதுதான் விசேஷம். அறைக்குள் இருக்கும் நீரை அந்தக் குழல் உறிஞ்சிக்கொள்ள, அந்த இடத்தில் வாயு சேரும். அத்தனை கனமான ஓடு கடலில் மூழ்காமல் நின்றது இப்படித்தான். நத்தை ஓட்டில் இந்தக் குழல் கிடையாது.

அப்புறம், மேசையின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். அங்கே ஓர் ஓடு குறுக்காக வெட்டுப்பட்டு வட்டமாகத் தெரிகிறது. கீழ்ப்பாதி கறுப்பு, மேல்பாதி வெள்ளைப் படிகம். பிராணி செத்து ஓடு கடலடியில் கிடந்தபோது உள்ளே புகுந்த சேறு கீழே தங்கிவிட்டது. மிச்ச வெற்றிடத்தில் பிறகு கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகம் படிந்தது. கறுப்பும் வெள்ளையும் சேரும் கோட்டை வைத்தே அன்றைக்குக் கடலடியில் எது மேல், எது கீழ் என்று சொல்லிவிடலாம். என்னை அந்த விளிம்பைவிட்டு எழுந்திருக்கவிடாமல் செய்தது இதுதான்.

எலுமிச்சைச் சாறு மட்டும் மேசையில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல், அரித்துவிடும்.

கேள்வி: இவை எவ்வளவு பெரிதாக வளர்ந்தன?
– மாணவர், சுங்கை பட்டாணி

பதில்: ஆரம்பத்தில் மிகச் சிறியவைதான் தம்பி. சீனாவில் கிடைத்த பிளெக்ட்ரோனோசெராஸ் சுமார் 49 கோடி ஆண்டு பழையது, அளவு ஒன்றிரண்டு சென்டிமீட்டர். அடுத்து வந்த ஆர்டோவிசியன் காலத்தில் எண்டோசெராஸ் போன்ற ராட்சதர்கள் வந்துவிட்டன. ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் உடைந்த துண்டே 3 மீட்டர்.

கேள்வி: சாளக்கிராமமும் இதே இனமா?
– வாசகி, குரூண்

பதில்: உறவு உண்டு. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் எடுக்கும் சாளக்கிராமம் பெரும்பாலும் அம்மோனைட், சுருண்ட ஓடு. இந்த நேர் ஓடுகளின் வழியில்தான் அந்த வம்சம் கிளைத்தது. அம்மோனைட்டில் அறைத் தடுப்பு ஓட்டின் உட்சுவரைத் தொடும் கோடு நெளிந்து நெளிந்து போகும், குழல் வெளி ஓரத்தில் இருக்கும். நேர் ஓட்டில் அந்தக் கோடு எளிய வளைவுதான்.

கேள்வி: நம் நாட்டில் பார்க்க முடியுமா?
– தோட்டப் பள்ளி ஆசிரியர், பீடோங்

பதில்: நம் கெடாவிலேயே இருக்கிறது! லங்காவியின் செதுல் சுண்ணாம்புக்கல்லில் இந்த ஓடுகள் உண்டு. ஜப்பானிய அறிஞர் தெய்ஈச்சி கோபயாஷி 1950-களின் கடைசியில் அந்த வட்டாரத்து ஆர்டோவிசியன் புதைபடிவங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். லங்காவியின் கிலிம் ஆற்றுப் படகில் எல்லோரும் கழுகைப் படம் எடுப்பார்கள். இரு பக்கமும் நிற்கும் பாறையும் அதே செதுல் கல்தான். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குவாலா கெடாவில் ஃபெர்ரி ஏறுங்கள். சுத்தியல் மட்டும் வேண்டாம். லங்காவி 2007-லிருந்து யுனெஸ்கோ அங்கீகரித்த புவிப்பூங்கா, கல்லை உடைப்பது பெரிய தவறு. பக்கத்தில் ஒரு 20 காசு நாணயம் வைத்துப் படம் எடுத்தால் அளவும் தெரிந்துவிடும். படத்தை எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் அதைப் பற்றி எழுதுகிறேன்.