பூட்டி முடித்த பிரிண்டர் மக்கர் செய்கிறதா? சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

முப்பரிமாண பிரிண்டரைக் கிட்டாக வரவழைத்து, வீட்டு மேசையிலேயே பூட்டுகிறவர்கள் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கூடி வருகிறார்கள். அவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக வார்க்கும் வகைதான் எல்லாமே. எக்ஸ் என்றால் இடவலம், ஒய் என்றால் முன்பின், இசட் என்றால் மேல்கீழ் திசை. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். புது பிரிண்டர் தகராறு செய்தால் எல்லாரும் கணினி முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் ஸ்க்ரூவிலும் ஒயரிலும்தான் இருக்கும்.

கேள்வி: அண்ணே, நான் செம்பனை ஆலையில் ஃபிட்டர். எல்லாம் பூட்டியாச்சு, ஆனால் ஒய் மோட்டார் சுற்றாமல் அதே இடத்தில் நடுங்கி உறுமுகிறது. மோட்டார் போய்விட்டதா?

அநேகமாக இல்லை தம்பி. அந்த ஸ்டெப்பர் மோட்டாருக்குள் 2 காயில், வெளியே 4 ஒயர். கனெக்டரில் ஜோடி மாறிப்போனால் இப்படித்தான் நடுங்கும். ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மின்சாரத்தை அணைத்து மோட்டாரைக் கழற்றுங்கள். ஏதாவது 2 ஒயர்களின் முனையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்டை விரலால் திருகுங்கள். திடீரென்று இறுகினால் அந்த இரண்டும் ஒரே காயிலின் முனைகள்.

ஜோடி சரியாக இருந்தும் நடுங்கினால் ஒய் மோட்டாரை எக்ஸ் இடத்தில் செருகிப் பாருங்கள். அங்கே நன்றாகச் சுற்றினால் மோட்டாரில் பழுதில்லை, போர்டிலிருந்து மோட்டாரை ஓட்டும் டிரைவர் சிப்பைத்தான் பார்க்க வேண்டும். எப்போதும் அணைத்துவிட்டுத்தான் செருகவும் கழற்றவும் வேண்டும். ஓடும்போது மோட்டாரைப் பிடுங்கினால் டிரைவர் கருகிவிடும்.

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உயிரெழுத்துகளை அச்சிட்டுத் தர ஆசைப்பட்டேன். ‘அ’ கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி வருகிறது.

நல்ல ஆசை, டீச்சர். ஒரு திசை தலைகீழாக ஓடுகிறது. திரையில் எக்ஸைக் கூட்டினால் நாசில், அதாவது உருகிய இழை வெளிவரும் முனை, வலப்பக்கம் போக வேண்டும். ஒய்யைக் கூட்டினால் அடித்தட்டு உங்களை நோக்கி வர வேண்டும். எது மாறி ஓடுகிறதோ அந்த மோட்டாரின் கனெக்டரை, மின்சாரத்தை அணைத்துவிட்டு, தலைமாற்றிச் செருகுங்கள். அடுத்த முறை ஹோம் என்ற தொடக்க இடத்துக்குப் போகச் சொல்லும்போது கை பிளக் சுவிட்சின் மேலேயே இருக்கட்டும். அது எதிர்ப்பக்கம் போய் முட்டினால், எல்லைச் சுவிட்சை அந்தக் கோடிக்கு மாற்றிப் பூட்ட வேண்டும்.

கேள்வி: முதல் அடுக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது. சில நாள் ஒட்டுகிறது, பாதியில் மூலை தூக்கிக்கொள்கிறது. பிஎல்ஏ இழைதான். வெறுத்துப் போச்சு.

வெறுக்காதீர்கள். இந்த வேலையில் பாதி முதல் அடுக்குதான்.

முதலில் எக்ஸ் தண்டு சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இசட் மோட்டார் உள்ள இயந்திரத்தில் ஒரு பக்கம் ஒரு சுற்று இறங்கியிருந்தாலே போதும், தட்டின் ஸ்ப்ரிங்கை எவ்வளவு திருகினாலும் சரிவராது. சட்டத்திலிருந்து தண்டின் இரு முனைக்கும் உள்ள உயரத்தை அளந்து சமப்படுத்துங்கள். அப்புறம் தட்டை 60 டிகிரிக்கும் நாசிலை 200க்கும் சூடேற்றுங்கள். உலோகம் சூட்டில் விரியும் என்பதால் குளிர்ந்த தட்டில் எடுத்த மட்டம் பயன்படாது. நாசில் முனையில் ஒழுகி நிற்கும் பிளாஸ்டிக்கைத் துடைத்துவிட்டு ஒரு சாதாரணத் தாளை நுழைத்துப் பாருங்கள். தாள் நகர வேண்டும், ஆனால் இலேசாக உரச வேண்டும். நான்கு மூலையையும் இரண்டு சுற்று பார்க்க வேண்டும். ஒரு மூலையைத் திருகினால் மற்றது மாறும்.

தாள் சொல்வது தொடக்கம்தான், கோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கோடு இடியாப்பம் போல உருண்டையாக விழுந்தால் நாசில் உயரத்தில் இருக்கிறது. தட்டு தெரியுமளவுக்கு மெலிந்து, ஓரத்தில் வரப்பு கட்டினால் மிகவும் தாழ்ந்திருக்கிறது. சற்றே நசுங்கி, பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொண்டால் சரி. முதல் அடுக்குக்கு நொடிக்கு 20 மி.மீ. வேகமே போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் மூலை தூக்கினால் தலைக்கு மேலே பாருங்கள். கூரைக் காற்றாடி முழு வேகத்தில் சுற்றுகிறதா? நம் ஊர்ப் புழுக்கத்தில் அதை நிறுத்தச் சொல்வது கொடுமைதான். ஆனால் அந்தக் காற்று ஒரு மூலையை மட்டும் சீக்கிரம் ஆறவைத்துச் சுருக்கி இழுக்கிறது. பிரிண்டரை அட்டைப் பெட்டியின் மறைவிலாவது வையுங்கள். தட்டை விரலால் தொட்டிருந்தால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிட்டு, பள்ளிப் பிள்ளைகளின் பசைக்குச்சியை மெல்லப் பூசுங்கள்.

கேள்வி: எக்ஸ் டிரைவர் கருகியதால் கடையில் கிடைத்ததை வாங்கிப் போட்டேன். இப்போது 20 மி.மீ. கனசதுரம் எக்ஸ் பக்கம் மட்டும் 10 மி.மீ. வருகிறது.

பழையது ஏ4988, புதியது டிஆர்வி8825. சரிதானே? மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். பழைய டிரைவர் ஒவ்வோர் அடியையும் 16 ஆகப் பிரித்தது, புதியது 32 ஆகப் பிரிக்கிறது. 2 மி.மீ. பல் இடைவெளியுள்ள பெல்ட்டில் 20 பல் புல்லி ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகரும். ஆக 3200ஐ 40ஆல் வகுத்தால் மி.மீட்டருக்கு 80 அடி. உங்களுக்கு இப்போது 160 வேண்டும். பிரிண்டர் போர்டில் ஓடும் மார்லின் மென்பொருளில் எக்ஸின் எண்ணை 160 ஆக்கிச் சேமித்தால் முடிந்தது.

கேள்வி: நன்றாக ஏறிக்கொண்டே வருகிறது, திடீரென்று மேல் பாதி 5 மி.மீ. தள்ளிப் போய்விடுகிறது.

என் முதல் இயந்திரத்தில் இதே கோளாறு. இரண்டு வாரம் மென்பொருளில் எண்களை மாற்றிக்கொண்டிருந்தேன். காரணம் புல்லியை மோட்டார் தண்டோடு பிடிக்கும் எள்ளளவு ஸ்க்ரூ. தண்டின் தட்டையான பக்கத்தில் அது உட்காரவில்லை.

புல்லிக்கும் தண்டுக்கும் குறுக்கே மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அச்சிட்டு முடித்ததும் கோடு விலகியிருந்தால் புல்லி வழுக்குகிறது, தட்டைப் பக்கத்தில் வைத்து இறுக்குங்கள். விலகவில்லையா? மின்சாரத்தை அணைத்துவிட்டு நாசிலைத் தாங்கி ஓடும் வண்டியைக் கையால் முழு நீளமும் தள்ளிப் பாருங்கள். எங்காவது பிடித்தால் தண்டுகள் இணையாக இல்லை. அதுவும் சரி என்றால் டிரைவர் சூடாகித் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. அதன் மேல் ஒரு சிறு விசிறி வையுங்கள், மின்னோட்டத்தையும் சரிபாருங்கள். மின்னோட்டத்தை உணரும் மின்தடை 0.1 ஓம் உள்ள ஏ4988 டிரைவரில், அதன் குட்டித் திருகில் 0.8 வோல்ட் அளந்தால் 1 ஆம்பியர்.

கேள்வி: மழைக் காலத்தில் நாசிலில் படபடவென்று சத்தம். பொருள் முழுக்க நூலாம்படை.

இழை ஈரம் குடித்திருக்கிறது. உள்ளே போன ஈரம் நாசில் சூட்டில் ஆவியாகி வெடிக்கிறது. பிஎல்ஏவை 45 முதல் 50 டிகிரியில் 4 முதல் 6 மணி நேரம் உலர்த்துங்கள். அதைத் தாண்டினால் சுருளே ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிப் பெட்டிக்குள் வையுங்கள். அப்பளத்துக்குச் செய்கிற அதே பாதுகாப்பு போதும்.

கேள்வி: முதலில் எதை அச்சிடலாம்? மோட்டார் சைக்கிளுக்குக் கைப்பேசி பிடிப்பான்?

பிஎல்ஏவில் வேண்டாம். 60 டிகிரிக்கு அருகே இளகும், மதிய வெயிலில் நிற்கும் வண்டியில் வளைந்துவிடும். இன்னும் சூடு தாங்கும் பெட்ஜி (PETG) இழையில் செய்யலாம். ஆனால் அதற்கு முன் உங்கள் பிரிண்டரின் பிளாஸ்டிக் பாகங்களுக்கே ஓர் உபரி செட் அச்சிடுங்கள். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் 2005இல் ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப் திட்டத்தின் நோக்கமே, தன் பாகங்களைத் தானே செய்துகொள்ளும் இயந்திரம். வீட்டில் பூட்டும் கிட்டுகள் அந்த வழியில் வந்தவைதான். பிரிண்டரின் பாகம் ஒன்று உடைந்த பிறகு, புதியதை அச்சிட பிரிண்டர் இருக்காது.

கேள்வி: தட்டின் ஒயர் போர்டில் சேரும் பச்சை டெர்மினல் லேசாகப் பழுப்பேறியிருக்கிறது. வேலை செய்கிறது. இரவில் ஓடவிட்டுத் தூங்கலாமா?

கூடாது ஐயா. இன்றைக்கே நிறுத்துங்கள். 12 வோல்ட் தட்டு ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும். ஸ்க்ரூ தளர்ந்து அந்த இடத்தில் 0.1 ஓம் தடை வந்தாலே, அந்தச் சின்ன டெர்மினலுக்குள் 10 வாட் சூடு. பழுப்பு நிறம் அதன் அடையாளம். ஒயர் முனையில் ஈயம் பற்றவைத்திருக்கிறீர்களா? ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி, இறுக்கிய ஸ்க்ரூவைத் தளரவிடும். அந்த முனையை வெட்டிவிட்டு ஃபெரூல் குழாய் போட்டு நசுக்குங்கள். டெர்மினலை மாற்றுங்கள், தட்டின் மின்சாரத்தைத் தான் சுமக்கும் தனி மாஸ்ஃபெட் போர்டு வைத்தால் இன்னும் நல்லது.

மின்வழங்கியின் பக்கவாட்டில் 115, 230 என்று ஒரு குட்டி சுவிட்ச் இருக்கலாம். நம் ஊரில் அது 230இல் இருக்க வேண்டும். எனக்கு ஒரு முறை 115இல் வைத்தபடியே வந்தது. பார்க்காமல் செருகினேன். ஒரு வெடிச் சத்தம், புகை. மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து அதைப் பார்க்காமல் நான் எதையும் செருகுவதில்லை.

கடைசியாக ஒரு சோதனை. பிரிண்டரை அணைத்து, நாசில் ஹீட்டரின் ஒயரைக் கழற்றிவிட்டு, மறுபடி இயக்கி 200 டிகிரி கேளுங்கள். சூடு ஏறவில்லை என்று அதுவே கண்டுபிடித்து, ஒரு நிமிடத்துக்குள் எச்சரிக்கை காட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உங்கள் மார்லினில் வெப்பக் காவல் இயங்கவில்லை. சூட்டை அளக்கும் தெர்மிஸ்டர் கழன்று விழுந்தாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். அந்தக் காவலை இயக்கி, டெர்மினலையும் மாற்றிய பிறகு போர்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பகலில்கூட ஓட்ட வேண்டாம்.